குடலில் கிளம்பி கிட்னியில் சிக்கியது

பள்ளிக்கூடத்தில் வருடத்துக்கு இரண்டு முறை ஒரு மாத்திரை தருவார்களே, பிப்ரவரியில் ஒன்று, ஆகஸ்டில் ஒன்று? "விழுங்காதே, நல்லா மென்னு தின்னு" என்று டீச்சர் பக்கத்திலேயே நின்று பார்ப்பார். கடைசி பெஞ்சுக்காரர்கள் அதைக் கன்னத்துக்குள் ஒதுக்கிவைத்து வெளியே போய்த் துப்பப் பார்ப்பார்கள். அல்பெண்டசோல் என்பது அந்த மாத்திரையின் பெயர், அளவு 400 மில்லிகிராம். தேசியக் குடற்புழு நீக்க நாள் என்று 2015இல் தொடங்கினார்கள். அதிலிருந்து 1 வயது முதல் 19 வயது வரை எல்லோருக்கும் பள்ளியிலும் அங்கன்வாடியிலும் கொடுக்கிறார்கள். (இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தைக்குப் பாதி மாத்திரை போதும்.)

உருளைப்புழு, கொக்கிப்புழு, சாட்டைப்புழு என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள். நம் பக்கத்துப் பாட்டிமார்களிடம் கேட்டால் நாக்குப்பூச்சி, கீரிப்பூச்சி என்பார்கள், கூடவே வேப்பங்கொழுந்தை அரைத்து உருட்டிக்கொண்டு துரத்துவார்கள். கொக்கிப்புழு இருக்கிறதே, அது கில்லாடி. வெறுங்காலோடு ஈர மண்ணில் நடந்தால் பாதத்துத் தோலைத் துளைத்து உள்ளே போகும். ரத்தத்தில் ஏறி, நுரையீரலுக்குப் போய், அங்கிருந்து தொண்டைக்கு ஊர்ந்து வந்து, நாமே விழுங்கிய பிறகுதான் குடலுக்குப் போய்ச் சேரும். குடல் சுவரைக் கவ்விக்கொண்டு ரத்தம் குடிக்கும்.

இந்தக் கட்டுரை கிட்னியைப் பற்றியது. பிறகு ஏன் பூச்சி மாத்திரை என்று கேட்கிறீர்களா? அமெரிக்காவில் சில விஞ்ஞானிகள் ஒரு கிட்னி நோயைத் துரத்திக்கொண்டு போய், கடைசியில் குடற்புழுவில் போய் முட்டிக்கொண்டார்கள். எப்படி என்று சொல்கிறேன், வழி கொஞ்சம் நீளம்.

முதலில் குடல். வாயில் தொடங்கி மறு முனையில் முடியும் ஒரே நீளக் குழாய் அது. அந்தக் குழாய்க்குள் இருப்பது எல்லாம், யோசித்துப் பார்த்தால், உடம்புக்கு வெளியே இருப்பதுதான். நீங்கள் தின்ற சந்தகையும் தேங்காய்ப்பாலும் குடல் சுவரைத் தாண்டி ரத்தத்துக்குள் போனால்தான் உங்களுடையவை. அந்தச் சுவரோ வெறும் ஒற்றை அடுக்குச் செல்தான். அதுவும் நான்கைந்து நாளுக்கு ஒருமுறை உதிர்ந்து புதிதாக முளைக்கிறது. குடலை விரித்துப் போட்டால் ஒரு டென்னிஸ் மைதானம் அளவு வரும் என்று பழைய புத்தகங்களில் இருக்கும். சுவீடனில் இரண்டு பேர் 2014இல் திரும்ப அளந்து பார்த்து, "இல்லை, சுமார் 32 சதுர மீட்டர்தான்" என்றார்கள். அரை பேட்மிண்டன் கோர்ட்டுக்கும் குறைவு. எனக்கு அதுவே பெரிதாகத்தான் தோன்றுகிறது.

இவ்வளவு மெல்லிய சுவருக்கு அந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள்? பாக்டீரியாக்கள். ஒரு மனிதருக்குள் சுமார் 38 லட்சம் கோடி இருக்கும் என்பது 2016இல் போட்ட கணக்கு. பெரும்பாலானவை நல்லவை. நாம் செரிக்க முடியாத நார்ச்சத்தைச் செரித்துத் தருகின்றன. ஆனால் நல்லதாகவே இருந்தாலும் சுவரைத் தாண்டி ரத்தத்துக்குள் வந்துவிட்டால் ஆபத்து. அதனால்தான் நம் உடம்பின் நோய் எதிர்ப்பு அணுக்களில் பெரும்பகுதி குடலோரமாகவே குடியிருக்கின்றன.

அவை கூடும் இடங்களை 1677இல் ஒருவர் பார்த்து எழுதிவைத்தார். யோகான் கான்ராட் பேயர், சுவிட்சர்லாந்துக்காரர். சிறுகுடலின் கடைசிப் பகுதியில் ஆங்காங்கே தடித்த திட்டுகள் இருப்பதைக் கண்டு, இவை செரிமான நீர் சுரக்கும் சுரப்பிகள் என்று நினைத்துக்கொண்டார். பார்த்தது சரி, விளக்கம்தான் தப்பு. ஆனாலும் பெயர் அவருக்கே நிலைத்துவிட்டது, பேயர் திட்டுகள். அவை பன்னிரண்டு, பதின்மூன்று வயது வாக்கில்தான் உச்சத்தில் இருக்கும், 200க்கும் மேல். வயதாக ஆகக் குறைந்துகொண்டே போகும். அந்த விஷயத்தில் உங்கள் குடல் உங்கள் தாத்தா குடலைவிடப் பணக்காரக் குடல்.

பேயர் திட்டில் என்ன நடக்கிறது? மேலே இருக்கும் சில சிறப்புச் செல்கள், குடலில் போகும் கிருமிகளில் கொஞ்சத்தைப் பிடித்து உள்ளே தள்ளும். உள்ளே இருக்கும் வெள்ளையணுக்கள் அதைப் பார்த்து, "ஓ, இவன்தானா?" என்று அடையாளம் பதிந்துகொள்ளும். பிறகு அவை ரத்தத்தில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்பக் குடல் சுவருக்கே வந்து உட்கார்ந்து, எதிர்ப்பொருள் தயாரிக்கத் தொடங்கும். அதன் பெயர் ஐஜிஏ.

நம் உடம்பு மற்ற எதிர்ப்பொருள்கள் எல்லாவற்றையும் சேர்த்துத் தயாரிப்பதைவிட ஐஜிஏ ஒன்றைத்தான் அதிகம் தயாரிக்கிறது. பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 3 கிராமுக்கும் மேல், அதில் பெரும்பகுதி குடலுக்குள் போகிறது. அதன் குணம் எனக்குப் பிடிக்கும். அது பெரும்பாலும் யாரையும் கொல்வதில்லை. கிருமிகளைக் கொத்தாகச் சேர்த்துப் பிடித்து, சுவரில் ஒட்டவிடாமல் செய்து, சத்தமில்லாமல் வெளியே அனுப்பிவிடும். குடலில் தினமும் சண்டை போட்டுக்கொண்டிருந்தால் நமக்கு வயிற்று வலி ஓயவே ஓயாது, அதனால் இந்த ஏற்பாடு. பிறந்த குழந்தைக்கு அம்மா தரும் சீம்பாலிலும் ஐஜிஏ நிறைய உண்டு. அம்மாவின் குடலில் பாடம் படித்த வெள்ளையணுக்கள் மார்புக்குப் பயணம் போய் அங்கே தயாரித்துக் கொடுப்பது அது. குடலில் படித்தவர்கள் குடலிலேயே இருப்பார்கள் என்று சொல்ல முடியாது, கவனித்துக்கொள்ளுங்கள். கதைக்கு இது வேண்டும்.

இப்போது திருப்பூருக்கு ஒரு நடை போய்வரலாம். உங்களில் பாதிப் பேர் வீட்டில் யாராவது ஒருவர் பனியன் கம்பெனிக்குப் போய்க்கொண்டிருப்பார். காலர் வைத்த டீ-சர்ட் ஒன்று தைக்கிறார்கள் என்று வையுங்கள். கட்டிங் முடிந்து, ஓவர்லாக் முடிந்து, காஜா பட்டன் முடிந்து, செக்கிங்குக்கு வரும். எந்தக் கம்பெனியிலும் சில பீஸில் பட்டன் விட்டுப்போயிருக்கும், நூல் மட்டும் தொங்கும். செக்கிங் அக்கா எடுத்துத் தனியே போட்டுவிடுவார்.

ஐஜிஏவில் இரண்டு வகை உண்டு. அதில் முதல் வகையின் நடுப்பகுதியில் சில சர்க்கரைச் சங்கிலிகள் தொங்கும். ஒவ்வொன்றிலும் காலக்டோஸ் என்ற சர்க்கரை பட்டன் மாதிரி பொருத்தப்பட வேண்டும். சில பீஸில் அந்தப் பட்டன் விட்டுப்போகிறது. எல்லோருடைய ரத்தத்திலும் இப்படிக் கொஞ்சம் இருக்கும், உங்களுடையதிலும் என்னுடையதிலும்கூட. ஆனால் சிலருக்கு இந்தப் பட்டன் இல்லாத பீஸ் அளவுக்கு மீறி ரத்தத்தில் சேர்ந்துவிடுகிறது. அப்போது உடம்பின் இன்னொரு எதிர்ப்பொருள் வந்து, "இது நம்ம சரக்கு இல்லையே, எவனோ வெளியாள்!" என்று அந்தத் தொங்கும் நூலைப் பிடித்துக்கொள்கிறது. இரண்டும் சேர்ந்து பெரிய பெரிய கட்டிகளாகி ரத்தத்தில் சுற்றுகின்றன.

இதை ஆனைமலைப் பக்கம் ஓர் ஊர்ப்புற நூலகத்தில் சொல்லிக்கொண்டிருந்தபோது ஒரு பையன் எழுந்தான். "ஏனுங்க மிஸ், காலக்டோஸ் பால்ல இருக்குதுன்னு படிச்சோமே. அப்ப பால் நிறையக் குடிச்சா பட்டன் வந்துருமில்லீங்க?" நல்ல கேள்வி. பால் சர்க்கரையின் ஒரு பாதி காலக்டோஸ்தான். ஆனால் இங்கே பட்டன் தட்டுப்பாடு இல்லை கண்ணு, அதைப் பொருத்துகிற என்சைம் சரியாக வேலை செய்வதில்லை. கிடங்கில் எத்தனை மூட்டை பட்டன் வந்து இறங்கினாலும் தைப்பவர் தைத்தால்தானே ஆச்சு?

சரி, கட்டிகள் ரத்தத்தில் சுற்றுகின்றன. எங்கே போய்ச் சிக்கும்? ரத்தம் எங்கே அதிகமாக வடிகட்டப்படுகிறதோ அங்கே.

உங்கள் இரண்டு கிட்னியும் சேர்ந்து உடம்பு எடையில் நூறில் ஒரு பங்குகூட வராது. ஆனால் இதயம் தள்ளும் ரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு, பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு ஒரு லிட்டருக்கும் மேல், அங்கேதான் போகிறது. ஒவ்வொரு கிட்னியிலும் சுமார் 10 லட்சம் நெஃப்ரான்கள். ஒவ்வொரு நெஃப்ரானின் தலையிலும் குளோமருலஸ் என்ற நுண்ணிய ரத்தக்குழாய்க் கொத்து. நாளொன்றுக்கு இவை வடிகட்டும் நீர் 180 லிட்டர், அதாவது பிளாஸ்டிக் குடத்தில் பன்னிரண்டு குடம். சிறுவாணித் தண்ணீர் சில நாளைக்கு ஒருமுறை வரும் வீடுகளில் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று அம்மாவுக்குத் தெரியும். நல்லவேளை, அதில் 178 லிட்டருக்கு மேல் திரும்ப ரத்தத்துக்கே போய்விடுகிறது. மீதி ஒன்றரை லிட்டர்தான் சிறுநீர்.

அந்தக் குளோமருலஸ் கொத்தின் இடுக்குகளில்தான் இந்தக் கட்டிகள் போய்ப் படிகின்றன. படிந்த இடத்தில் வீக்கம். வீங்கிய வடிகட்டியில் ஓட்டை. ஓட்டை வழியே ரத்த அணுக்களும் புரதமும் சிறுநீரில் கசியும். வருடக்கணக்கில் இப்படியே போனால் அந்த இடம் தழும்பாகிவிடும். தழும்பான நெஃப்ரான் திரும்ப வேலைக்கு வராது. அது உதிர்ந்தால் புதிதாக முளைக்கும் குடல் சுவர் இல்லையே.

இதைக் கண்டுபிடித்தவர் பாரிஸ் நகரத்து நெக்கர் மருத்துவமனையில் வேலை பார்த்த ழான் பெர்ஜே. ஊசியால் கிட்னியில் இருந்து நூலளவு சதை எடுத்துச் சோதிப்பதை பயாப்சி என்பார்கள். அப்படி எடுத்த துணுக்கைச் சாதாரண மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் பல கிட்னி நோய்கள் ஒரே மாதிரிதான் தெரியும். பெர்ஜே என்ன செய்தார் என்றால், ஐஜிஏவை மட்டும் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும் ஒரு பொருளில் ஒளிரும் சாயத்தை ஏற்றி, அதைத் துணுக்கின் மேல் விட்டு, புற ஊதா ஒளியில் பார்த்தார். குளோமருலஸ் எல்லாம் பச்சைப் பசேலென்று ஒளிர்ந்தன. நிக்கோல் ஆங்லே என்ற பெண்மணியோடு சேர்ந்து 1968இல் இதை வெளியிட்டார். பிரெஞ்சில் எழுதிய அந்தக் கட்டுரை சின்னஞ்சிறியது. இன்று உலகத்தில் குளோமருலஸ் வீக்க நோய்களில் அதிகம் காணப்படுவது இதுதான், ஐஜிஏ நெஃப்ரோபதி.

துப்பறியும் கதை பிடிக்கும் என்றால் அடுத்தது உங்களுக்கு. இந்த நோயால் கிட்னி பழுதானவருக்கு வேறொருவரின் நல்ல கிட்னியைப் பொருத்தினார்கள். சில காலம் கழித்துப் பார்த்தால் புதுக் கிட்னியிலும் அதே பச்சை ஒளி! பெர்ஜே குழுவே இதை 1975இல் எழுதியது. பிறகு 1982இல் இதற்கு நேர் எதிரான ஒன்று வெளிவந்தது. கொடையாளி ஒருவருடைய கிட்னியில் அவருக்கே தெரியாமல் ஐஜிஏ படிந்திருந்தது. அதை வேறு நோயால் கிட்னி இழந்த ஒருவருக்கு வைத்தபோது, படிந்திருந்தது தானாகக் கரைந்து போய்விட்டது. நல்ல கிட்னி நோயாளியிடம் போனால் கெட்டது, படிவுள்ள கிட்னி வேறு உடம்புக்குப் போனால் தேறியது. யார் மேல் சந்தேகம் வரும்? கிட்னி மேல் வராது. தப்பு ரத்தத்தில் வருகிற சரக்கில் இருக்கிறது. சரக்கு எங்கே தயாராகிறது? வெள்ளையணுக்கள் பாடம் படித்த இடத்தைத் தேடிப் போக வேண்டும்.

அதற்கு ஒரு தடயம் டாக்டர்களுக்கு ஏற்கெனவே கையில் இருந்தது. இந்த நோய் உள்ள பிள்ளைகளுக்குத் தொண்டை கட்டி, சளி பிடித்து, காய்ச்சல் வந்தால், அதே நாளோ அடுத்த நாளோ சிறுநீர் வரக்காப்பி நிறத்தில் போகும். தொண்டைக்கும் கிட்னிக்கும் என்ன உறவு? தொண்டையின் ஈரச் சுவருக்கும் குடலின் ஈரச் சுவருக்கும் ஒரே காவல்தான், ஐஜிஏ. அங்கே கிருமி வந்தால் இங்கே தயாரிப்பு கூடும். பட்டன் விட்டுப்போன பீஸும் கூடவே கூடும்.

(ஒரு எச்சரிக்கை: உடுமலை பீட்ரூட் பொரியலை ஒரு கை பார்த்துவிட்டு, மறுநாள் சிவப்பைப் பார்த்து வீட்டையே கூட்டிவிடாதீர்கள். பீட்ரூட்டுக்கும் அப்படிப் போகும். ஆனால் பீட்ரூட்டே தின்னாத நாளில் சிறுநீர் சிவப்பாகவோ காப்பி நிறமாகவோ போனால், வெட்கப்படாமல் அன்றே அம்மாவிடம் சொல்லிவிட வேண்டும்.)

தொந்தரவு என்னவென்றால், பல பேருக்கு நிறமே மாறாது. வலியும் இராது. கசிவது கண்ணுக்குத் தெரியாத அளவு. ஜப்பானில் இதற்கு ஒரு வழி செய்தார்கள். 1974 முதல் அங்கே பள்ளிப் பிள்ளைகள் எல்லோரும் வருடத்துக்கு ஒரு நாள் காலைச் சிறுநீரைச் சின்னக் குப்பியில் பிடித்துப் பள்ளிக்குக் கொண்டுபோகிறார்கள். சொன்னதும் மூக்கைப் பொத்திச் சிரித்தீர்களே, அங்கே யாரும் சிரிப்பதில்லையாம், வீட்டுப்பாடத்தோடு அதுவும் பைக்குள் போகும். அப்படித்தான் அங்கே ஐஜிஏ நோய் உள்ள பிள்ளைகள் பலர், எந்தத் தொல்லையும் தொடங்கும் முன்பே கண்டுபிடிக்கப்படுகிறார்கள். நம் ஊரில் இப்படி ஒரு நாள் வைத்தால் என்ன என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை. ஒரு காகிதப் பட்டையை முக்கி நிறம் பார்க்கிற சோதனை அது, பெரிய செலவு கிடையாது.

நம் பக்கத்தில் இந்த நோயை உட்கார்ந்து ஆராய்ந்தவர்கள் வேலூர்க்காரர்கள். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி, சி.எம்.சி. என்றால் கோயமுத்தூரில் எல்லோருக்கும் தெரியும். இந்தியாவில் ஆரம்ப காலத்திலேயே, 1971இல், வெற்றிகரமாகக் கிட்னி மாற்று அறுவை செய்த இடம். அங்கே டாக்டர் சுசீனா அலெக்சாண்டரும் குழுவினரும் ஐஜிஏ நெஃப்ரோபதி உள்ள சுமார் 200 பேரைச் சேர்த்து, ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து பார்த்தார்கள். இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழகமும் அதில் கை கோத்தது. அதுவரை இந்த நோயைப் பற்றிய அறிவெல்லாம் பெரும்பாலும் ஐரோப்பியர்களையும் சீன, ஜப்பானியரையும் பார்த்து எழுதியது. நம்மவர்கள் டாக்டரிடம் வந்து சேரும்போதே பலருக்கும் கிட்னி ஓரளவு பழுதாகியிருந்தது, பெரும்பாலானவர்கள் இளவயதுக்காரர்கள். அந்த வயதில் உடம்பில் ஒரு வலியும் இல்லாதபோது யார் போய்ச் சிறுநீர் சோதனை செய்துகொள்வார்கள்?

இப்போது புழுவுக்கு வருவோம். நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கிரிலுக், கராவி என்று இரண்டு டாக்டர்கள். ஐஜிஏ நோய் உள்ளவர்கள், இல்லாதவர்கள் என 20,000க்கும் மேற்பட்டோரின் மரபணுக்களை ஒப்பிட்டு, நோய் உள்ளவர்களிடம் எந்த மரபணு எழுத்துகள் அதிகம் என்று தேடினார்கள். 2014இல் விடை வந்தது. கிட்னியைக் கட்டும் மரபணுக்கள்தான் மாட்டும் என்று நீங்கள் எதிர்பார்த்திருப்பீர்கள். மாட்டியவற்றில் பெரும்பாலானவை குடல்காரர்கள்! குடல் சுவரைக் கட்டிக் காப்பவை, குடலில் கிருமியை எதிர்ப்பவை. குடல் அழற்சி நோய் என்று வேறொரு நோய் உண்டு, அதற்குக் காரணமான மரபணுக்கள் சிலவும் இதே பட்டியலில் இருந்தன.

அதோடு விடவில்லை. உலக வரைபடத்தை எடுத்துவைத்து, எந்த நாட்டு மக்களிடம் இந்த மரபணுக்கள் அதிகம், அந்த மண்ணில் எத்தனை வகைக் கிருமிகள் உலவின என்று பொருத்திப் பார்த்தார்கள். நன்றாகப் பொருந்தி வந்தது குடற்புழு. எத்தனை விதப் புழுக்கள் இருந்தனவோ, அத்தனைக்கு இந்த மரபணுக்களும் அதிகம். பல்லாயிரம் ஆண்டுகளாகப் புழுவோடு போராடிய மக்களில், குடல் காவல் கொஞ்சம் கூடுதலாக முறைத்துக்கொண்டிருந்தவர்கள் பிழைத்தார்கள், பிள்ளை பெற்றார்கள். அந்த முறைப்பு பேரன் பேத்திக்கு வந்து சேர்ந்தது. அவர்களில் சிலருக்கு அதுவே கிட்னியில் வினையாகிறது.

நம்ப முடியவில்லையா? இதே மாதிரி ஒன்று நம் மேட்டுப்பாளையத்துக்கு மேலே இருக்கிறது. நீலகிரிப் பழங்குடி மக்களின் ரத்தத்தில் 1952இல் லேமன், கட்புஷ் என்ற இருவர் அரிவாள் வடிவ ரத்த அணுக்களைக் கண்டார்கள். இந்தியாவில் அதைப் பார்த்தது அதுவே முதல் தடவை. அந்த மரபணு அப்பாவிடமிருந்தோ அம்மாவிடமிருந்தோ ஒன்று மட்டும் வந்தால் கடுமையான மலேரியாவிலிருந்து காப்பாற்றும். இருவரிடமிருந்தும் வந்தால் ரத்தசோகை நோய். மலேரியாக் காட்டில் உயிர் காத்த ஒன்று, கொசு இல்லாத வீட்டில் சுமையாகிவிடுகிறது.

நூலகத்தில் இதைச் சொன்னதும் முன்வரிசைப் பொண்ணு ஒருத்தி பளிச்சென்று கேட்டாள். "அப்படீன்னா மாத்திரை போடாம பூச்சிய அப்படியே வயித்துல விட்டுட்டா கிட்னிக்கு நல்லதுங்களா மிஸ்?"

இல்லை சாமி. புழு உள்ளே இருந்தால் ரத்தம் குறையும், படிப்பு ஏறாது, உயரம் கூடாது. மரபணு என்பது பல்லாயிரம் ஆண்டுக் கணக்கு. இந்த வருடம் நீ ஒரு மாத்திரையைத் துப்புவதால் அது மாறப்போவதில்லை, உன் புழுதான் கொழுக்கும்.

குடல்தான் தொடக்கம் என்று தெரிந்ததால் மருந்தும் குடலுக்கே போகத் தொடங்கியிருக்கிறது. முன்பெல்லாம் வீக்கம் குறைக்கும் ஸ்டீராய்டு மருந்தை உடம்பு முழுக்கப் பரவும்படி கொடுப்பார்கள். முகம் உப்பும், சர்க்கரை ஏறும், எலும்பு மெலியும். பூடசோனைடு என்ற ஸ்டீராய்டு மருந்தை ஒரு புது மாதிரிக் காப்ஸ்யூலுக்குள் அடைத்தார்கள். அந்த மாத்திரை வயிற்றில் கரையாது, சிறுகுடலின் தொடக்கத்திலும் கரையாது, பேயர் திட்டுகள் நெருங்கி இருக்கும் கடைசிப் பகுதிக்குப் போனதும் திறந்துகொள்ளும். வேலையை அங்கே செய்துவிட்டு, மிச்சம் கல்லீரலுக்குப் போனதும் பெரும்பகுதி சிதைந்துவிடும். 2021 டிசம்பரில் அமெரிக்கா இதற்கு அனுமதி கொடுத்தது. கிட்னி நோய்க்கு, குடலில் திறக்கும் மாத்திரை! பேயர் இருந்திருந்தால் தன் திட்டுகளுக்கு இப்படி ஒரு மரியாதை கிடைத்ததைப் பார்த்து மகிழ்ந்திருப்பார். நோயை அடியோடு போக்கும் மருந்து இது இல்லை, கிட்னி கெடும் வேகத்தைக் குறைக்கிறது.

அன்று கடைசியாகப் பேசியவன், அதுவரை வாயே திறக்காத ஒரு சின்னப் பையன். "எங்க அப்பிச்சிக்கு வாரத்துல ரெண்டு நா டயாலிசிஸ் பண்றாங்க மிஸ். பொள்ளாச்சிலிருந்து கோயமுத்தூருக்குக் கூட்டிட்டுப் போறோம். அதும் இந்தப் பட்டன் இல்லாத நோய்தானுங்களா?"

அவன் தாத்தாவுக்குப் பெரும்பாலும் அப்படி இருக்காது என்றேன். வயதானவர்களுக்குக் கிட்னி கெடுவதற்கு முதல் காரணம் சர்க்கரை நோய், அடுத்தது ரத்த அழுத்தம். ஆனால் எந்தக் காரணத்தால் கெட்டாலும் குடல் அதில் சம்பந்தப்படாமல் இருப்பதில்லை. இந்த முறை பாதை தலைகீழ்.

நாம் தின்னும் பருப்பிலும் முட்டையிலும் டிரிப்டோபன் என்று ஒரு சத்து உண்டு. அதில் கொஞ்சத்தைக் குடல் பாக்டீரியா தின்று இன்டோல் என்ற பொருளாக்கும். கல்லீரல் அதை இன்டாக்சில் சல்பேட் ஆக்கும். நல்ல கிட்னி அதை அன்றன்றே வெளியே தள்ளிவிடும். உங்களுக்கும் எனக்கும் அது ஒரு பொருட்டே இல்லை. கிட்னி கெட்டவருக்கு அது ரத்தத்தில் தங்கி, ரத்தக்குழாயையும் மிச்சமிருக்கும் நெஃப்ரானையும் அரிக்கும். டயாலிசிஸ் மெஷினும் அதை முழுதாக எடுப்பதில்லை, ஏனென்றால் அது ரத்தப் புரதத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கும். அதோடு, வெளியேற வழியில்லாத யூரியா குடலுக்குள் கசிய, சில பாக்டீரியாக்கள் அதை அம்மோனியாவாக்க, அந்த ஒற்றை அடுக்குச் சுவர் இளகிப்போகிறது. கிருமித் துணுக்குகள் ரத்தத்துக்குள் நுழைகின்றன. குடல் காவலுக்கு ஓய்வே கிடையாது.

"அப்ப அப்பிச்சிக்குப் பழைய சோறு குடுத்தா குடல் சரியாயிருமில்லீங்க? போன்ல வீடியோல சொன்னாங்க."

எதிர்பார்த்த கேள்விதான். "குடலைச் சுத்தம் பண்ணினால் கிட்னி தானாகச் சரியாகிவிடும்" என்று சொல்லும் வீடியோக்களைப் பார்த்தால் எனக்கு ரத்தம் கொதிக்கும். பழைய சோற்றில் நல்ல பாக்டீரியாக்கள் இருப்பது உண்மை. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் அரசுப் பணத்தில் அதை ஆராயவும் செய்கிறார்கள், ஆனால் குடல் அழற்சிக்கு. கெட்ட கிட்னியை அது மீட்கும் என்று யாரும் காட்டவில்லை. அப்பிச்சியின் சோறு, தண்ணீர், உப்பு எல்லாவற்றுக்கும் டாக்டர் அளவு எழுதிக் கொடுத்திருப்பார், அதுதான் கணக்கு.

"அப்பிச்சிக்கு வேற என்ன பிடிக்கும்?" என்று கேட்டேன்.

"எளநிங்க மிஸ். எங்க தோப்புலயே இருக்குது. டெய்லி ஒண்ணு வெட்டிக் குடிப்பாருங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பொள்ளாச்சியில் பிறந்தவரிடம் இளநீர் கூடாது என்பது கொடுமைதான், ஆனால் ஒரு பெரிய இளநீரில் பொட்டாசியம் 500 மில்லிகிராமுக்கு மேல் இருக்கும். நமக்கு நல்லது. வேலை செய்யாத கிட்னிக்காரருக்கு அது வெளியேறாமல் ரத்தத்தில் ஏறி, இதயத் துடிப்பையே குழப்பிவிடும். அப்படியானால் இத்தனை நாள் தினமும் குடித்தும் அவர் எப்படித் தாங்கினார்? அந்த டயாலிசிஸ் ஒரு காரணம். இன்னொன்று, நம்பினால் நம்புங்கள், குடல். கிட்னி கைவிட்ட பிறகு பெருங்குடல் தானாக முன்வந்து, வழக்கத்தைவிடக் கூடுதலாகப் பொட்டாசியத்தை மலத்தோடு வெளியே தள்ளத் தொடங்கும். அவருக்கு மலச்சிக்கல் வந்தால் அந்த வழியும் அடைபடும்.

"நூலகர் ஐயாகிட்ட போன் வாங்கி இப்பவே அம்மாகிட்டச் சொல்லு சாமி, அடுத்த டயாலிசிஸ் அன்னிக்கு இளநி விசயத்த டாக்டர்கிட்டக் கேக்கச் சொல்லு, அதுவரைக்கும் வெட்ட வேண்டாம்னு" என்றேன். பையன் ஓடினான். அவன் திரும்பி வருவதற்குள் முன்வரிசைப் பொண்ணு அடுத்த கேள்விக்குக் கை தூக்கிவிட்டாள்: குதிரைக்கும் மாட்டுக்கும் ஐஜிஏவில் இந்தப் பட்டன் உண்டா?